தகடூர் நெல்லி

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் பெருவழியில் சில கல் தொலைவு கடந்ததும் அதியமான்கோட்டை என்னும் ஊர் வரும். ஊரார் நாவில் அப்பெயர் தேய்ந்து அதமன்கோட்டை என்றும் வழங்குகிறது. பேருந்தில் செல்வோர் பலர் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தும் பாராமலும் கடந்துவிடுகின்றனர். ஆனால், சற்று நின்று சிந்திப்பவருக்கு அந்தப் பெயருக்குள் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுக்கால வரலாறு உறைந்திருப்பது புலப்படும். கோட்டை போயிற்று, கொற்றம் போயிற்று, அரசன் மட்டும் மக்கள் வாயில் வாழ்கின்றான். அவன் அவ்வாறு வாழ்வதற்கு அவனுடைய வேற்படை காரணமன்று. ஒரு நெல்லிக்கனியே காரணம்.

உயிர் காக்கும் பொருள் ஒன்று கைக்குக் கிட்டினால் மனிதன் என்ன செய்வான்? தனக்கென வைத்துக்கொள்வான், அது இயற்கை. அதை மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? இந்த வினாவுக்குத் தருமபுரி மண் ஒரு விடையைத் தந்திருக்கிறது. அந்த விடையை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதியர் நாடு

இன்றைய தருமபுரியே அன்றைய தகடூர். மலைகள் சூழ்ந்த இந்த நிலம் காலந்தோறும் பல கொடிகளைக் கண்டது. பிற்காலத்தில் பாரமகால் என்று பெயர் பெற்று ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்தது. 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. சேலம் மாவட்டத்தின் பகுதியாக நெடுங்காலம் இருந்து, 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. 2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி அதனின்றும் பிரிந்தது. இத்தனை மாற்றங்களுக்கும் முன்னால், சங்க காலத்தில், இந்நிலத்தை ஆண்டவர்கள் அதியர் குடியினர்.

அக்குடியில் பெரும்புகழ் பெற்றவன் அதியமான் நெடுமான் அஞ்சி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சிறுபாணாற்றுப்படை அவனைப் போற்றுகிறது. கரும்பைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவன் முன்னோர் என்னும் செய்தி புறநானூற்றில் உண்டு. தோட்டப்பயிரின் வரலாற்றிலும் கொடையின் வரலாற்றிலும் ஒருங்கே இடம்பெற்ற குடி அது. பாட்டுடைத் தலைவன் அதியமான் என்றால், அவனைப் பாடியவர் ஔவையார். ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையாரையும் இவரையும் ஒருவரென எண்ணுவோர் உளர், அது பொருந்தாது. இருவருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உண்டு. சங்க கால ஔவையார் அதியமானுடைய அவையில் பழகியவர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர். அவனுக்கு மகன் பிறந்த நாளையும், அவன் மறைந்த நாளையும் கண்டவர்.

பாட்டு சொல்வதும் சொல்லாததும்

நெல்லிக்கனியின் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. பள்ளிப் பாடநூலில் படித்திருப்போம். பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை காய்க்கும் மரம் என்பர்; நச்சுப் பாம்புகள் காத்து நின்றன என்பர்; கருநெல்லி என்பர். இவையெல்லாம் காலப்போக்கில் கதை சொல்வோர் சேர்த்த அணிகலன்கள். மூலச் சான்றாகிய புறநானூற்றின் 91-ஆம் பாடலில் இவை இல்லை. ஔவையார் அங்கே கூறுவன சிலவே: பழமையான பெரிய மலையில், ஏறுதற்கரிய பிளவில் விளைந்தது அந்தக் கனி, பெறுதற்கு அரியது, அதன் பயனை அவன் வெளியே சொல்லவில்லை, தன் உள்ளத்துள்ளேயே அடக்கிக்கொண்டு, தாம் சாவினின்று நீங்கும்படி தமக்கு ஈந்தான்.

இந்தச் சிறு செய்தியில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அவன் கனியின் பயனை மறைத்தான் என்பதே அது. கொடுப்பவர்கள் பொதுவாகத் தாம் கொடுக்கும் பொருளின் மதிப்பை உயர்த்திச் சொல்வார்கள். அதியமான் மறைத்தான். ஏன்? சொல்லியிருந்தால் ஔவையார் உண்டிருக்க மாட்டார். ‘நாடு காக்கும் நீயே உண்க’ என்று திருப்பியளித்திருப்பார். அவர் உண்டு முடிக்கும் வரை உண்மையை ஒளித்து வைத்ததில்தான் அந்தக் கொடையின் முழுமை அடங்கியிருக்கிறது.

இதைப் படிக்கும்போது ஒரு முஸ்லிமின் நெஞ்சம் மதீனா நகரத்து இல்லம் ஒன்றை நினையாமல் இராது. பெருமானார் (ஸல்) அவர்களின் விருந்தாளி ஒருவரை அன்சாரித் தோழர் ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். வீட்டில் குழந்தைகளுக்கான உணவு தவிர வேறொன்றுமில்லை. குழந்தைகளை உறங்க வைத்துவிட்டு, இருந்த உணவை விருந்தாளியின் முன் வைத்து, விளக்கைத் திருத்துவது போல் அணைத்துவிடுகின்றனர் கணவனும் மனைவியும். இருளில் தாமும் உண்பது போல் பாவனை செய்து, பசித்த வயிற்றோடு அவ்விரவைக் கழிக்கின்றனர். தமக்குத் தேவை இருந்தும் பிறரை முற்படுத்தும் இப்பண்பைத் திருக்குர்ஆனின் ஹஷ்ர் அத்தியாயம் புகழ்ந்துரைக்கிறது. அவ்வசனம் இறங்கிய சூழலாக இந்நிகழ்ச்சியையே ஹதீஸ் நூல்கள் குறிப்பிடுகின்றன. தகடூரில் உண்மையை மறைத்தது அரசனின் வாய். மதீனாவில் மறைத்தது அணைந்த விளக்கு. இரு கொடைகளும் பெறுபவரின் நாணத்தைக் காத்தன.

பாறை பேசிய நாள்

இலக்கியத்தை மட்டும் நம்பி வரலாறு எழுதலாகுமா என்று வினவுவோர் எப்போதும் உண்டு. புலவர் மிகைபடப் பாடுவர். பாடப்பட்ட மன்னன் உண்மையில் இருந்தானா என்று ஐயுறுவர். அதியமானைப் பொறுத்தவரை இந்த ஐயத்துக்கு 1981-ஆம் ஆண்டில் விடை கிடைத்தது.

திருக்கோவலூருக்கு அண்மையில், தென்பெண்ணை பாயும் நிலப்பகுதியில் ஜம்பை என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் குன்றிலுள்ள குகைப்பாறை ஒன்றில் பழந்தமிழ் எழுத்தாகிய தமிழ்ப் பிராமியில் ஒரே வரிக் கல்வெட்டு அவ்வாண்டில் கண்டறியப்பட்டது. சதியபுதோ என்னும் பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயரையும், அவன் ஈத்த பாளி அது என்னும் செய்தியையும் அவ்வரி தாங்கி நிற்கிறது. பாளி என்றால் துறவியர் தங்கும் குகை இருப்பிடம். புலவர் பாடிய பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் பாறையிலும் இருந்தது.

கல்வெட்டு இருந்த இடமும் பொருளுடையது. அதியமான் மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரைப் போரில் வென்றான் என்று புறநானூறு பேசுகிறது. வென்ற நிலத்தின் எல்லைக்குள்ளேயே அவன் பெயர் பொறித்த கல் கிடைத்திருக்கிறது. இலக்கியமும் கல்லும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடம் இது. அக்கல்வெட்டின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அசோகர் காலத்தை ஒட்டியது என்பார் சிலர், கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பார் ஐராவதம் மகாதேவன். ஆயினும் அரசன் யார் என்பதில் ஐயமில்லை.

சதியபுதோ என்னும் பட்டத்தால் மற்றொரு புதிரும் அவிழ்ந்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனத்தில், தம் எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்பாரையும் அவர் குறிப்பிடுகின்றார். அந்தச் சத்தியபுத்திரர் யாவர் என்று அறிஞர் உலகம் நெடுங்காலம் வாதிட்டுக்கொண்டிருந்தது. அதியமான் குடியினரே என்று முன்பே கருதியவரும் உண்டு. வேறு குடிகளைச் சுட்டியவரும் உண்டு. ஜம்பைப் பாறை வழக்கைத் தீர்த்து வைத்தது.

இங்கு உள்ளத்தைத் தொடும் செய்தி வேறொன்றுளது. அசோகரின் அந்தச் சாசனம் எதைப் பற்றியது? போரைப் பற்றியதன்று, மருத்துவத்தைப் பற்றியது. மனிதருக்கும் கால்நடைகளுக்கும் மருத்துவம் கிடைக்கச் செய்ததையும், மருந்து மூலிகைகளும் கிழங்குகளும் கனிகளும் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடச் செய்ததையும் அது சொல்கிறது. அச்செயல் நிகழ்ந்த நாடுகளின் வரிசையிலேதான் சத்தியபுத்திரர் பெயர் வருகிறது. இதைக் கொண்டு அதியமானின் நெல்லிக்கும் அசோகரின் மருந்துக் கனிக்கும் உறவு கற்பிப்பது வரலாறாகாது. காலமும் வேறு, சான்றும் இல்லை. எனினும், வெளியுலகம் இந்நாட்டை முதன்முதலாகப் பெயர் சொல்லிக் குறித்தபோது நோய் தீர்க்கும் கனியின் பேச்சோடு குறித்தது என்பதை எண்ணி மகிழத் தடையில்லை.

இன்னும் ஒன்று. புறநானூற்றில் ஔவையார் ‘ஈ’ என்னும் வினையால் அவன் செயலைச் சொல்கிறார். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனாரும் அதே வினையை ஆள்கிறார். ஜம்பைப் பாறையிலும் அவன் பெயருக்குப் பின் வரும் வினை அதுவே. மூன்று சான்றுகள்; மூன்றிலும் அவனுக்கு வாய்த்த வினைச்சொல் ஒன்றே. வெற்றி கொண்டான் என்றும் வரி தண்டினான் என்றும் எத்தனையோ அரசர் கல்லில் பெயர் பெற்றனர். ஈந்தான் என்ற ஒரு சொல்லால் நிலைபெற்றவன் தகடூர்க் கோமான்.

ஆனால் அவன் குறையற்றவன் அல்லன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அவனிடம் சென்றபோது, நேரில் காணாமலேயே பரிசிலை அனுப்பிவைத்தான். புலவர் அதை ஏற்கவில்லை. தம்மைக் காணாது தரும் பொருளைப் பெற்றுப்போகத் தாம் வணிகர் அல்லர் என்று பாடிச் சென்றார். அதுவும் புறநானூற்றில் இருக்கிறது. அள்ளிக் கொடுக்கும் கையும் ஒரு நாள் முகம் பார்க்கத் தவறலாம் என்பதற்கு அது சான்று. புகழ்ந்த பாட்டையும் கடிந்த பாட்டையும் ஒரே தொகையில் காத்து வைத்த நம் முன்னோரின் நேர்மையும் போற்றத்தக்கது.

தகடூர் வீழ்ந்தது

கோவலூர் வெற்றி அதியமானுக்குப் பகையைக் கொணர்ந்தது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர்மேல் படையெடுத்தான். அதியமானோடு இரு பெருவேந்தரும் சேர்ந்து நின்றனர். மூவரையும் வென்று தகடூரை எறிந்தான் சேரன் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறுகிறது. ‘தகடூர் எறிந்த’ என்னும் அடைமொழி அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சேரனும் கொடியவன் அல்லன். தன் முரசு கட்டிலில் அறியாது படுத்துறங்கிய மோசிகீரனார் என்னும் புலவரை வாளால் வெட்டாமல், கவரி கொண்டு வீசி நின்றவன் அவனே. அவனைப் புகழ்ந்து எட்டாம் பத்தைப் பாடிய அரிசில் கிழாரே, தகடூரில் போரிட்டு வீழ்ந்த எழினிக்காகக் கையறுநிலைப் பாடலும் பாடியிருக்கிறார். வென்றவனின் புலவர் தோற்ற பக்கத்து வீரனுக்காக அழுதார்.

நெடுமான் அஞ்சியும் போரில் வேல் தைத்து மாண்டான். தகடூர்ப் போரிலேயே அது நிகழ்ந்தது என்பது அறிஞர் பலரின் துணிபு. அவன் மறைவை ஔவையார் பாடினார். மார்பில் பாய்ந்த வேல் அவன் ஒருவனை மட்டும் கொல்லவில்லை. பாணரின் உண்கலத்தையும் இரப்போரின் கைகளையும் புலவரின் நாவையும் துளைத்தது என்று அவர் புலம்பினார். அவனுக்கு நடுகல் நாட்டிப் படைத்ததையும் அவரே சொல்கிறார். தருமபுரி அருங்காட்சியகத்தில் இன்றும் வரிசையாக நிற்கும் நடுகற்களைக் காண்போர்க்கு அம்மரபின் உறுதி விளங்கும். அவை பிற்காலத்தவை, ஆனால் விழுந்தவனை மறவாத அதே மண்ணின் கற்கள்.

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். உயிர் காக்கும் கனியை அதியமான் தானே உண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எந்தக் கனியும் வேலைத் தடுப்பதில்லை. சேரன் படை வந்த நாளில் அவன் வீழ்ந்தே இருப்பான். கனியும் அவனோடு மண்ணாகியிருக்கும். அவன் அதைக் கொடுத்துவிட்டான். பெற்றுக்கொண்டவர் உயிரோடிருந்தார். அவன் வாழ்வையும் கொடையையும் சாவையும் பாடினார். அப்பாட்டால் அவன் வாழ்கின்றான். கனி தன் வேலையைச் செய்தது. ஆனால் அது நீட்டித்த ஆயுள் ஔவையாரின் ஆயுள் மட்டுமன்று, அதியமானின் ஆயுளும்தான்.

ஆயுளும் அஜலும்

‘ஆயுளைக் கனி நீட்டுமா? ஒவ்வோர் உயிருக்கும் தவணை இறைவனால் குறிக்கப்பட்டதன்றோ?’ என்று நம் வாசகர்கள் கேட்பது நியாயம். அஜல் என்னும் குறித்த தவணை வந்துவிட்டால் அது ஒரு நாழிகை முந்துவதுமில்லை, பிந்துவதுமில்லை என்பது நம் நம்பிக்கை. அதே வேளையில் நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். மருந்து உண்பது மனிதன் கடன். ஆயுள் இறைவன் கையில். நெல்லி உடலுக்கு நலம் தருவது என்பதை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவர். வைட்டமின் ‘சி’ அதில் நிறைந்திருப்பதாக இக்கால அறிவியலும் கூறும். சாவை நீக்கும் என்று ஔவையார் பாடியது அக்காலத்து நம்பிக்கை. அந்நம்பிக்கை மெய்யா பொய்யா என்பது நமக்கு முதன்மையானதன்று. மெய் என்று நம்பிய ஒருவன், நம்பியும் கொடுத்தான் என்பதே நாம் கருதத்தக்கது. கொடையின் எடை, கொடுப்பவன் எதை இழப்பதாக எண்ணுகிறானோ அதைப் பொறுத்தது.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு இணையான காட்சி ஒன்று யர்மூக் போர்க்களத்தில் நிகழ்ந்தது. கி.பி. 636-இல் நடந்த அந்தப் பெரும்போரில், தம் சிறிய தந்தையின் மகனைத் தேடித் தண்ணீர்த் தோற்பையோடு புறப்பட்ட ஒருவரின் வாய்மொழியாக அது வழங்குகிறது. காயமுற்றுக் கிடந்த உறவினரைக் கண்டு நீரை நீட்டுகிறார். அருகில் ஒரு முனகல் கேட்கிறது. ‘முதலில் அவருக்குக் கொடும்’ என்று சைகை காட்டுகிறார் அவர். அங்கே சென்றால் மூன்றாமவரின் முனகல். இரண்டாமவரும் அவ்வாறே சுட்டுகிறார். மூன்றாமவரை அடைந்தபோது அவர் உயிர் பிரிந்திருந்தது. இரண்டாமவரிடம் ஓடினார், அவரும் மறைந்திருந்தார். முதலாமவரிடம் திரும்பினார், அவரும் இல்லை. அம்மூவரின் பெயர்கள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுகின்றன, செய்தி மாறவில்லை.

அந்த நீரை யாரும் அருந்தவில்லை. அப்படியானால் அது வீணாயிற்றா? தோற்பையைச் சுமந்தவர் உயிரோடு மீண்டார், கண்டதைச் சொன்னார். அருந்தப்படாத அந்த நீர் பதினான்கு நூற்றாண்டுகளாக எத்தனையோ பேருடைய நெஞ்சின் வேட்கையைத் தணித்து வருகிறது. தகடூரிலும் யர்மூக்கிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் அருமைப் பொருளொன்று கை மாறுகிறது, கொடுத்தவர் மறைகிறார், அதைக் கண்ட சாட்சி ஒருவர் எஞ்சுகிறார். எஞ்சியவரின் வாய்ச்சொல்லே நமக்கு வரலாறு. பிழைத்திருப்பவர்மீது சுமத்தப்படும் அமானிதம் அது. கண்டதை மறைக்காமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தால்தான் அவர் பிழைத்ததற்குப் பொருள் உண்டு.

இறந்தும் கொடுத்த கை

நம் சொந்த முற்றத்திலேயே இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் பழமொழியைச் சொல்லாத தமிழர் இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையில் வாழ்ந்த பெருவணிகர் செய்கு அப்துல் காதிர் மரைக்காயரையே மக்கள் சீதக்காதி என்றனர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுதற்கு ஊக்கமளித்த வள்ளலாக அவர் போற்றப்படுகிறார். அவர் மறைந்த பின் பரிசில் நாடி வந்த படிக்காசுப் புலவர் அடக்கத்தலத்தில் நின்று ஏங்கிப் பாட, மண்ணறையிலிருந்து மோதிர விரல் நீண்டது என்பது கதை. புலவருக்கென்று மோதிரத்தை வள்ளல் முன்பே சொல்லி வைத்திருந்தார், அதுவே பிற்காலத்தில் இப்படி வளர்ந்தது என்று விளக்குவாரும் உண்டு.

விளக்கம் எதுவாயினும் ஆகுக. சாதி சமயம் பாராமல் தமிழ் மக்கள் அப்பழமொழியை முந்நூறு ஆண்டுகளாகக் காத்து வருகின்றனர் என்பது எவரும் மறுக்கவியலாத உண்மை. தகடூர் வேந்தனின் நெல்லியும் கீழக்கரை வள்ளலின் மோதிரமும் தமிழர் நினைவில் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் சங்க காலத்து அரசர். மற்றவர் கலிமாச் சொன்ன வணிகர். இருவரையும் தமிழ் ஒரே தட்டில் நிறுத்தது. இறந்த பின்னும் மனிதனுக்குப் பயன் தந்துகொண்டிருப்பவை நிலையான தர்மமும், பிறர் பயன்பெறும் கல்வியும், தனக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளையும் என்னும் நபிமொழியை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

ஏடும் ஒரு கனியே

அதியமானின் புகழை நமக்குத் தந்த ஏடுகள் எப்படித் தப்பின என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புறநானூறு அச்சேறியது 1894-இல். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, வீடுகளிலும் மடங்களிலும் கிடைத்த ஓலைகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவேயில்லை. வேறு சில சிதைந்தே கிடைத்தன. ஆற்றில் விடப்பட்டும் தீயில் இடப்பட்டும் ஏடுகள் அழிந்த கொடுமையை அவர் வருந்தி எழுதியிருக்கிறார். 91-ஆம் பாடல் இருந்த ஓலையைச் செல் அரித்திருந்தால் நெல்லிக்கனியின் கதையில் பெரும்பகுதியை நாம் இழந்திருப்போம்.

தகடூர்ப் போரைப் பற்றித் ‘தகடூர் யாத்திரை’ என்றே தனி நூல் ஒன்று இருந்தது. இன்று அது இல்லை. தொல்காப்பிய உரையிலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும் பிறர் எடுத்தாண்ட சில பாடல்கள் மட்டுமே எஞ்சின. பூட்டி வைத்தவர்களிடம் நூல் அழிந்தது. எடுத்துப் பிறருக்குக் காட்டியவர்களால் சிறிதேனும் பிழைத்தது.

இது தகடூருக்கு மட்டும் நேர்ந்த கதியன்று. தமிழ் முஸ்லிம்களின் இலக்கியங்களுள் மிகப் பழையதெனக் கருதப்படும் பல்சந்தமாலை முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. களவியற்காரிகையின் உரைகாரர் மேற்கோளாக எடுத்தாண்ட எட்டுப் பாடல்களே நம் கையில் உள்ளன. நம்மவர் பாடிய நூலை நம்மவர் காக்கவில்லை. அதை ஒரு முறை கேட்டோ படித்தோ மகிழ்ந்த பிறிதொரு தமிழர் தம் உரையில் பொதிந்து வைத்தமையால் அது தப்பிற்று. கொடுத்தது தங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? 1842-இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுச் சீறாப்புராணத்தை அச்சேற்றியிராவிடில், உமறுப் புலவரின் காப்பியத்துக்கும் இதே கதி நேர்ந்திருக்கக்கூடும்.

இதை எழுதுவதன் கருத்து இதுதான். நம் இல்லங்களில் பலவற்றில் இன்னும் பழைய பெட்டகங்கள் இருக்கின்றன. பாட்டனார் ஓதிய கிதாபுகள், அறபுத் தமிழில் எழுதிய மாலைகளும் முனாஜாத்துகளும் கிஸ்ஸாக்களும், கையெழுத்துக் கணக்கேடுகள், கடல் கடந்து வந்த கடிதங்கள் அவற்றுள் உறங்குகின்றன. அவற்றை நாம் கண்ணியமாகவே வைத்திருக்கிறோம், பட்டுத்துணியில் சுற்றியிருக்கிறோம், ஒளு இன்றித் தொடுவதில்லை. ஆயின், திறந்து பார்ப்பதும் இல்லை. அறபுத் தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதியோர் ஆண்டுக்காண்டு குறைகின்றனர். அவர்கள் மறையும்போது பெட்டகத்தின் சாவியே மறைகிறது. கரையானுக்குக் கண்ணியம் தெரியாது.

குடும்பச் சொத்தைப் பிறர் கையில் கொடுக்க மனம் வருமா என்று கேட்கலாம். மூலத்தைக் கொடுத்துவிட வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. படியெடுக்க இடங்கொடுங்கள், படம் பிடிக்க அனுமதியுங்கள். வீட்டு முதியவரை அமர்த்தி உரக்க வாசிக்கச் செய்து, பிள்ளைகளைக் கொண்டு தமிழெழுத்தில் எழுதி வையுங்கள். ஆய்வு செய்யும் கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் ஒரு படி போகட்டும். ஒரு வீட்டில் தீப்பற்றினாலும் வெள்ளம் புகுந்தாலும், மற்றொரு இடத்தில் அது உயிரோடிருக்கும்.

அதியமான் அருமையான கனியைப் பெற்ற நாளில் அவன்முன் இரு வழிகள் இருந்தன. தனக்கென வைத்திருந்தால் அது ஒரு நாள் விருந்து. கொடுத்ததனால் ஈராயிரம் ஆண்டாக நாம் அதைச் சுவைத்துக்கொண்டிருக்கிறோம். தருமபுரிப் பெருவழியில் அடுத்த முறை செல்லும்போது, அதியமான்கோட்டைப் பெயர்ப்பலகை வரும் இடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் அந்தப் பழைய பெட்டகத்தை அவர்கள் கையாலேயே திறக்கச் செய்யுங்கள்.